புதுவது புனையும் நெறி

புதுவது புனைந்தோரின் வரலாற்றை எழுதுவோர் பலர் அதனை மின்னல் வெட்டிய கதை போலவே எழுதிவிடுகின்றனர். அறிஞன் ஒருவன் நள்ளிரவில் விழித்திருந்தான். திடீரென ஓர் எண்ணம் தோன்றியது. உலகம் ஒரு புதுமையைப் பெற்றது. கதை கேட்பதற்கு இனிமையானதுதான். ஆயினும், கேட்கும் இளைஞனுக்கு அது ஒரு தீங்கும் செய்கிறது. அந்த மின்னல் தனக்கும் ஒருநாள் வெட்டும் எனக் காத்திருக்கிறான் ஒருவன். தனக்கு அது வாய்க்காது எனச் சோர்ந்துவிடுகிறான் மற்றொருவன். சிக்கலின் முடிச்சு எவ்விடத்தே விழுந்திருக்கிறது என்று காணும் வழியை இருவருமே கற்பதில்லை. அவ்வழியைக் கற்கவும் கற்பிக்கவும் இயலும் என்பதற்குப் பிளாஸ்டிக்குத் தொழிலின் வரலாற்றில் நல்ல சான்றுகள் உள்ளன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரத் தொழில் விரைந்து வளர்ந்தது. கம்பிகளுக்கும் கருவிகளுக்கும் மின்காப்புப் பொருளாக அரக்கு பெரிதும் வேண்டப்பட்டது. அரக்கோ, மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. அதில் பெரும்பகுதி இந்திய நாட்டிலிருந்தே சென்றது. பூச்சியின் உழைப்பு தொழிற்சாலையின் பசிக்கு ஈடாகுமா? பெல்ஜியத்தில் 1863-ஆம் ஆண்டில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்டு என்னும் வேதியியல் அறிஞர், அரக்குக்கு மாற்றாக ஒரு பொருளைச் செயற்கையாக ஆக்க முற்பட்டார்.

அவர் எடுத்துக்கொண்ட மூலப்பொருள்கள் புதியன அல்ல. பீனாலை ஆல்டிஹைடுகளோடு சேர்த்தால் பிசின் போன்ற ஒன்று விளையும் என்பதை ஜெர்மானிய அறிஞர் பேயர் 1872-ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். ஆனால், அக்காலத்து வேதியியலாருக்கு அது வேண்டாத கசடாகவே தோன்றியது. அது குடுவையின் அடியில் கல்லென இறுகி, எந்த நீர்மத்திலும் கரையாமல், குடுவையையே பாழாக்கியது. பின்வந்தோர் சிலர் பீனாலையும் பார்மால்டிஹைடையும் கலந்து பயனுள்ள பொருள் ஒன்றை வார்க்க முயன்றனர். சூடேற்றினால் கலவை நுரைத்துப் பொங்கிற்று. உள்ளே எழுந்த நீராவியும் வளிகளும் குமிழிகளாகி, இறுகிய பொருளைத் துளைத்துவிட்டன. சூட்டைக் குறைத்தால் குமிழிகள் தோன்றவில்லை. ஆனால், இறுகுவதற்கு நாள் பல ஆயின. வெப்பம் வேண்டும், அதே வெப்பம் வேண்டா. முடிச்சு விழுந்த இடம் இதுவே.

பொங்கும் பானையின் அடியிலிருந்து விறகை இழுப்பது அடுக்களை அறிந்த வழக்கம். பேக்லண்டுக்கு முன்னையோரும் அதனையே செய்தனர். மிகாமலும் குறையாமலும் உள்ள ஓர் இடைநிலைச் சூட்டை அவர்கள் தேடினர். பேக்லண்டு விறகை இழுக்கவில்லை; மேலும் உள்ளே தள்ளினார். ஆனால், கலனை இறுக மூடி, உள்ளே அழுத்தத்தை உயர்த்தினார். அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழி தலையெடுக்க இயலவில்லை. நூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், நாள் பல எடுத்த வேலை விரைவில் முடிந்தது. குமிழியற்ற உறுதியான பொருளும் கிடைத்தது. இம்முறைக்கு உரிமை வேண்டி அவர் 1907-ஆம் ஆண்டில் விண்ணப்பித்தார். 1909 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. அப்பொருளே பேக்லைட்டு. கரையக்கூடிய அரக்கைத் தேடப் புகுந்தவர், எதிலும் கரையாத பொருளைப் பெற்றார். பிறர் குறை என்று ஒதுக்கிய கரையாமையையே அதன் தலையாய குணமாகக் கொண்டது அவருடைய கூரிய நோக்கைக் காட்டுகிறது. மின்விளக்கின் பொத்தான் முதல் தொலைபேசிக் கருவி வரை, சூட்டில் உருகாத அப்பொருளால் ஆயின.

இத்தகைய வெற்றிகளுக்குப் பொதுவான இலக்கணம் உண்டோ என்று ஆராயத் துணிந்தவர் கென்ரிக் அல்த்ஷூலர். தாஷ்கண்டில் 1926-ஆம் ஆண்டில் பிறந்த அவர், சோவியத்து நாட்டின் கடற்படையில் புதுப்புனைவுகளை ஆராயும் பணியில் இருந்தார். நாட்டில் புதுப்புனைவுத் துறை சீர்கெட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி ஸ்டாலினுக்கே மடல் எழுதினார். அதன் விளைவு 1950-ஆம் ஆண்டில் சிறை; பனி உறையும் வொர்க்குத்தா முகாமில் கடும் உழைப்பு. ஸ்டாலின் மறைந்தபின் 1954-ஆம் ஆண்டில் விடுதலை பெற்றார். 1956-ஆம் ஆண்டில், தோழர் ஷப்பீரோவுடன் சேர்ந்து தம் ஆராய்ச்சியின் முதற் கட்டுரையை வெளியிட்டார். டிரிஸ் என்று இன்று அழைக்கப்படும் நெறி அதிலிருந்தே வளர்ந்தது.

காப்புரிமைப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் படித்த அவர் கண்ட உண்மை ஒன்று. அரிய புதுப்புனைவு ஒவ்வொன்றும் ஒரு முரணைத் தீர்த்திருக்கிறது. ஒன்றைச் சிறப்பிக்கப் புகுந்தால் மற்றொன்று கெடும். அந்நிலையில் சாதாரண மனிதன் இரண்டிலும் பாதி பெற்று அமைதி கொள்கிறான். வல்லவனோ பாதியை ஏற்பதில்லை. முரணைத் தீர்க்கும் வழிகளை அல்த்ஷூலர் பின்னாளில் நாற்பது நெறிகளாகத் தொகுத்தார். பகுத்தல், முன்னரே செய்துவைத்தல், தலைகீழாக்கல், தீமையை நன்மையாக்கல் என்பன அவற்றுட் சில.

வெற்றி கிடைத்தபின் அதற்கு விதி வகுப்பது எளிதன்றோ என வினவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. பேக்லண்டின் மேசைமேல் எந்த அட்டவணையும் இருக்கவில்லை. நெறி அறிந்திருந்தும் பொருளின் இயல்பை அறியாதவன் ஒன்றும் புனைய மாட்டான். ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் 1953-ஆம் ஆண்டில் கார்ல் சீக்லரின் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்ததை இங்கே நினைக்கலாம். எத்திலீன் மூலக்கூறுகள் நெடுஞ்சங்கிலியாக நீள வேண்டிய வினை, ஒருநாள் எதிர்பாராமல் குறுகி நின்றுவிட்டது. கலனில் ஒட்டியிருந்த நிக்கல் என்னும் உலோகத்தின் சிறு துணுக்கே காரணம் என்று தேடிக் கண்டனர். இது தற்செயலே. ஆனால், அதன்பின் நடந்தது தற்செயலன்று. வேறு உலோகங்கள் என் செய்யும் என்று வரிசையாகச் சோதித்தனர். சிர்க்கோனியம் சங்கிலியை நீட்டியது, டைட்டேனியம் அதனினும் சிறப்பாக நீட்டியது. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தம் வேண்டியிருந்த பாலிஎத்திலீனைச் சாதாரண அழுத்தத்திலேயே ஆக்க முடிந்தது. இப்பணிக்காகச் சீக்லர் 1963-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் நட்டாவுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எந்த அட்டவணையும் அந்த நிக்கல் துணுக்கை முன்கூட்டிச் சொல்லியிராது. எனினும், துணுக்கைக் கண்டவர்கள் முறையாகத் தேடாதிருந்தால், அந்நாள் கெட்டுப்போன ஒரு சோதனை நாளாகவே முடிந்திருக்கும்.

நெறியின் பயனைக் காண ஆய்வுக்கூடம் வரை செல்லவும் வேண்டா. வீட்டிலுள்ள பிளாஸ்டிக்கு முக்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். உருகிய பிளாஸ்டிக்கை அச்சினுள் செலுத்திக் குளிரவைத்து அது ஆக்கப்படுகிறது. சுவர் தடித்தால் வலிமை மிகும். ஆனால், தடிப்பு இரட்டித்தால் குளிரும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். நடுப்பகுதி இறுதியில் குளிர்ந்து சுருங்குவதால் மேற்பரப்பில் பள்ளமும் விழும். சுவர் தடித்திருக்கவும் வேண்டும், மெலிந்திருக்கவும் வேண்டும்! முக்காலியின் அடிப்புறத்தில் காணும் விலா எலும்பு போன்ற வரிகளே இதற்கு விடை. பலகை மெலிந்தது, வலிமையை வரிகள் தாங்குகின்றன. அவ்வரிகளும் பலகையின் தடிப்பில் ஏறத்தாழப் பாதி அளவே இருக்கும். மிகுந்தால் மேற்புறத்தில் மீண்டும் பள்ளம் தோன்றும். நாற்காலியின் கைப்பிடி போன்ற பருத்த உறுப்புகளுக்கு வேறொரு வழி உண்டு. பிளாஸ்டிக்கு உருகிய நிலையில் இருக்கும்போதே அதன் நடுவே நைட்ரஜன் வளியைச் செலுத்தி உள்ளீடற்றதாக்குவர். பேக்லண்டு பகைவனெனக் கருதி ஒடுக்கிய குமிழி, இங்கே விருந்தினனாக அழைக்கப்படுகிறது.

இன்று பிளாஸ்டிக்குத் துறையை வருத்தும் பெருஞ்சிக்கல், தெருவோரங்களில் சிதறிக் கிடக்கும் தின்பண்ட உறைகள். குப்பை பொறுக்குவோரும் அவற்றைத் தொடுவதில்லை. விற்றால் காசு வாராது. மக்களின் பழக்கத்தைக் குறை கூறுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். பழக்கம் திருந்த வேண்டியதுதான். ஆயினும், முடிச்சு உறையினுள்ளேயே இருக்கிறது. பாலியெஸ்டர், அலுமினியம், பாலிஎத்திலீன் என வெவ்வேறு ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அவ்வுறையை ஆக்குகின்றனர். ஒன்று அச்சைத் தாங்கும். ஒன்று காற்றையும் ஒளியையும் தடுக்கும். ஒன்று சூட்டில் ஒட்டி வாயை மூடும். உணவைக் காக்க ஏடுகள் வேறுவேறாக இருக்க வேண்டும். உருக்கி மீண்டும் பயன்படுத்த அவை ஒன்றாக இருக்க வேண்டும்.

முரணை இவ்வாறு சொல்லியவுடன் தேடும் திசையும் புலப்படுகிறது. ஒரே பொருள் வேறு வேறு நிலையில் வேறு வேறு வேலை செய்யலாகாதா? பாலிஎத்திலீன் ஏட்டை ஆக்கும்போதே இழுத்து நீட்டினால் அது விறைப்புப் பெற்று அச்சைத் தாங்குகிறது; நீட்டாத ஏடு மென்மையாக இருந்து வாயை மூடுகிறது. இரண்டையும் சேர்த்து, ஒரே இனத்தாலான உறைகள் இப்போது ஆக்கப்படுகின்றன. பாலிஎத்திலீன் ஈரத்தைத் தடுப்பதில் வல்லது. ஆக்சிஜனைத் தடுப்பதில் வல்லதன்று. ஆகவே, அதன்மேல் மிக மெல்லிய காப்புப் பூச்சு ஒன்று வேண்டியிருக்கிறது. அப்பூச்சு எத்துணை மெலிந்தால் மறுமுறை உருக்குவதற்கு இடையூறு ஆகாது, எத்துணை தடித்தால் உணவு கெடாது என்பதே இன்று ஆய்வாளர் அளந்துவரும் அளவு.