"ஏலாமல் கிடக்கு": கீமோவின் முதல் வாரங்கள்

எங்கள் வீடுகளில் ஒரே ஒரு சொல்லுக்குள் பத்து வருத்தம் ஒளிந்திருக்கும். "ஏலாமல் கிடக்கு." களைப்பு, தலைச்சுற்று, மூச்சு வாங்குவது, மனம் சரியில்லாதது எல்லாவற்றுக்கும் அதுதான். வீட்டுக்குள் இது பிரச்சினையில்லை, முகத்தைப் பார்த்தே விளங்கிவிடும். ஆனால் தொலைபேசியின் மற்றப் பக்கத்தில் பிரெஞ்சு பேசும் நேர்ஸ் ஒருவர், "களைப்பு எத்தனை? பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று கேட்டால், அந்தச் சொல்லை உடைத்துக் கொடுக்கிற வேலை நடுவில் நிற்கும் எங்களுக்குத்தான். எங்களுக்கு என்றால், காலையில் பிள்ளையைக் கார்டெரியில் விட்டுவிட்டு, மத்தியானம் அம்மாவையோ அப்பாவையோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற தலைமுறைக்கு.

போன முறை பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டி பற்றி எழுதினேன். இந்த முறை விஷயம் கொஞ்சம் பாரம். என் அம்மாவுக்கு மார்கழியில் பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை நடந்தது. தை கடைசியில் கீமோ தொடங்கியது. மருந்துக் கூட்டின் பெயர் ஃபோல்ஃபொக்ஸ், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. கீமோ என்றதும் சொந்தக்காரர் எல்லாரும் தலைமயிரைப் பற்றித்தான் கேட்டார்கள். இந்தக் கூட்டில் மயிர் மெலியும், முழுதாகக் கொட்டுவது குறைவு. எங்களுக்கு வந்த தொல்லை வேறு, குளிர்.

ஃபோல்ஃபொக்ஸில் ஒக்சாலிபிளாட்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது. அது நரம்புகளைச் சீண்டும். ஏற்றின சில மணி நேரத்துக்குள்ளேயே குளிரான எதைத் தொட்டாலும் விரல் நுனியில் மின்சாரம் பிடித்த மாதிரி இருக்கும், சில நாளைக்கு நீடிக்கும். மொன்றியலில் தை மாதத்தில் இந்த மருந்தை ஏற்றிக்கொண்டு மெற்றோ வாசலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். வெளிக்குளிருக்குக் கையுறை போடலாம், வாயையும் மூக்கையும் சால்வையால் மூடலாம். வீட்டுக்குள் இருக்கிற குளிர்தான் ஆளைப் பிடிக்கும். ஃபிரிட்ஜ் கைபிடி, குழாயில் முதலில் வருகிற தண்ணி, அம்மா முப்பது வருஷமாகத் தண்ணி குடிக்கிற அந்தச் சில்வர் பேணி. குளிர்தண்ணி ஒரு மிடறு குடித்தால் தொண்டை இறுகி மூச்சு நிற்கிற மாதிரி ஒரு உணர்வு வரும். உண்மையில் மூச்சு நிற்பதில்லை. வெதுவெதுப்பான தேத்தண்ணி குடித்தால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். முதலே தெரிந்திருந்தால் இது தொல்லை, தெரியாவிட்டால் பெரும் பயம். நாங்கள் ஃபிரிட்ஜ் கைபிடியில் ஒரு பழைய கம்பளிக் காலுறையை மாட்டினோம். பேணி அலுமாரிக்குப் போய், பிளாஸ்டிக் கோப்பை வந்தது. பிளாஸ்டிக்கால் இன்னொரு உதவி, கீமோவில் வாய்க்குள் இரும்புச் சுவை வருகிறவர்களுக்கு உலோகக் கரண்டியைவிட அதுவோ மரக்கரண்டியோ நல்லது.

இனி அந்தச் சொற்களுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி கேட்பது பெரும்பாலும் எண்ணிக்கையும் நேரமும்தான். நாங்கள் மென்பொருள்காரர் பக் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி: என்ன நடந்தது, எப்போது தொடங்கியது, எத்தனை தடவை, எதைச் செய்தால் கூடுகிறது. "வயித்தைப் பிரட்டுது" வேறு, "ஓங்காளிக்குது" வேறு, "சத்தி எடுத்தனான்" வேறு. மூன்றையும் சேர்த்து "சாப்பிட மனமில்லை" என்று சொன்னால் நேர்ஸுக்கு ஒன்றும் கிடைக்காது. தனித்தனியாகச் சொன்னால் வாந்தி மருந்தை மாற்றலாம், இன்னொன்று சேர்க்கலாம். அந்த மருந்தை வயிறு பிரட்டின பிறகு தேடாமல், எழுதித் தந்த நேரத்துக்கே போட வேண்டும். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "வருத்தம் இல்லாமல் என்னத்துக்குக் குளிசை?" என்பது அவவின் கொள்கை.

வாந்திக்குத் தருகிற ஒண்டான்செட்ரோன் மலச்சிக்கலைக் கொண்டுவரும். ஃபோல்ஃபொக்ஸிலுள்ள ஃபுளோரோயுரசில் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். ஆகவே முதல் கிழமையில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி கழிவறை பற்றியது. ஒரு யாழ்ப்பாணத்து அம்மா மகனிடம் சொல்லாத விஷயமும் அதுதான். நான் கேட்டால் "அதெல்லாம் சரியாப் போகுது தம்பி". தங்கச்சி கேட்டால் நாலு நாளாகப் போகவில்லை. வெட்கத்தைக் குறை சொல்லி என்ன பயன்? யாரிடம் சொல்லுவா என்று பார்த்து அந்த ஆளைக் கேட்க வைப்பதுதான் வழி. வீட்டில் அப்படி ஆள் இல்லாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிடமே கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் ஏற்பாடு செய்வதற்கு வழி இருக்கிறது. மற்றப் பக்கமும் கவனம்: வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாக வயிறு போனால் அதை விடியுமட்டும் வைத்திருக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் "காய்ச்சல் குணம்". எங்கள் அம்மாமார் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, இரண்டு பனடோல் போட்டு, கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். கீமோ வீட்டில் இந்த மூன்றும் வேண்டாம், வெப்பமானி வேண்டும். மருந்து ஏற்றி ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே போகும். அந்த நேரத்தில் கிருமி தொற்றினால் உடம்பு காட்டுகிற ஒரே அடையாளம் சில வேளை காய்ச்சல் மட்டும்தான். ஒரு தடவை 38.3, அல்லது ஒரு மணி நேரமாக 38.0 என்றால் இரவோ பகலோ உடனே கூப்பிட வேண்டும். உங்களுக்குத் தந்த தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் சட்டம். சூடு பார்க்காமல் பனடோலோ டைலெனோலோ போட்டால், அந்த ஒரே அடையாளத்தையும் அழித்துவிடுகிறோம்.

யாரைக் கூப்பிடுவது? கியூபெக்கில் புற்றுநோய்ப் பிரிவுகளில் "இன்ஃபர்மியேர் பிவோ" என்று ஒரு நேர்ஸ் இருப்பார். அச்சாணி மாதிரி, உங்கள் கோப்பு அவரைச் சுற்றித்தான் ஓடும். யூத பொது ஆஸ்பத்திரியின் சேகல் மையமோ, க்ளென் வளாகத்தின் சீடார்ஸ் மையமோ, நகர நடுவிலுள்ள சும் ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் முதல் நாளே கேளுங்கள்: எங்கள் பிவோ யார், அவருடைய நேரடி இலக்கம் என்ன, இரவில் யாரை எடுப்பது? இரவில் வேறு வழி தெரியாவிட்டால் 811. நெஞ்சு நோவுக்கும் மூச்சுத்திணறலுக்கும் 811ஐ எடுத்துக் காத்திருக்கக் கூடாது, நேரே 911தான். ஃபுளோரோயுரசில் சிலருக்கு நெஞ்சு நோவைக் கொண்டுவரும், அதை வாய்வு என்று நினைத்துவிடுவோம்.

வாந்தி வராமல் இருக்க டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டும் தருவார்கள். முதல் இரண்டு இரவும் நித்திரை வராது. அம்மா விடிய இரண்டு மணிக்கு மிளகாய்த்தூள் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தா. மூன்றாம் நாள் அப்படியே சரிந்துவிட்டா. இந்த ஏற்றமும் இறக்கமும் நோய் கூடினதால் வருவதில்லை, மருந்தின் கணக்கு. ஆனால் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது சிரிக்கிற விஷயமில்லை, ஸ்டீரொயிட் சீனியைத் தூக்கிவிடும். எங்கள் பெற்றோரில் பல பேருக்குச் சீனி இருப்பதால், முதல் மருந்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

சாப்பாட்டில் நீண்ட பட்டியல் தேவையில்லை. வாய் புண்ணானால் மிளகாயும் புளியும் ஒத்துக்கொள்ளாது. உப்பும் பேக்கிங் சோடாவும் கரைத்த தண்ணியில் அடிக்கடி வாய் கொப்பளிக்க வேண்டும். உறைப்பில்லாத சொதியோடு இடியப்பம் இறங்கும். காலையில் ஆக்கின சோறு பின்னேரம் வரை அடுப்பில் இருக்கக் கூடாது.

பிறகு, பார்க்க வருகிறவர்கள். அன்போடு வருவார்கள், இருமலோடும் வருவார்கள், கையில் ஒரு போத்தல் கஷாயத்தோடும் வருவார்கள். "கீமோ இரசாயனம், இது இயற்கை" என்று மாமி ஒருவர் சொன்னா. மாமியோடு வாதாட எனக்குத் தைரியமில்லை, ஆனால் இதை எழுதலாம். ஊரில் வேலியோரம் பூக்கிற பட்டிப்பூ, தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்களே, அதிலிருந்து வந்த கீமோ மருந்து வின்பிளாஸ்டின். 1950களில் எங்கள் பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவில், லண்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், ரொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் கண்டெடுத்தது. ஜமெய்க்காவில் சீனி வருத்தத்துக்கு அவித்துக் குடிக்கிற இலை என்று அவர்களுக்கு அது வந்து சேர்ந்தது. சீனியை அது குறைக்கவில்லை. எலிகளின் வெள்ளை அணுக்களைக் குறைத்தது. அந்தப் பக்கவிளைவிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்காரருக்கு உதவுமோ என்ற யோசனையே வந்தது. ஆகவே இயற்கை என்றால் சாது என்று நினைக்க வேண்டாம். கஷாயமோ மஞ்சள் குளிசையோ, போத்தலை ஃபார்மசிஸ்டிடம் காட்டிவிட்டுக் குடிக்கலாமா என்று முடிவெடுப்போம்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? எட்டு வயது மகளுக்குப் புற்றுநோய் என்ற சொல் ஏற்கெனவே தெரிந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் டெரி ஃபொக்ஸ் ஓட்டத்தால். அவர் 1980இல் ஒற்றைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீற்றர் ஓடினவர் என்பது அவளுக்குத் தெரியும். 1981இல் இறந்தார் என்பதும் தெரியும். "அப்ப அம்மம்மாவும்?" என்று கேட்டாள். புற்றுநோய் ஒரே நோய் அல்ல, டெரிக்கு வந்தது எலும்பில், அம்மம்மாவுக்கு வந்ததை டொக்டர் வெட்டி எடுத்துவிட்டார், மிச்சம் ஒளிந்திருந்தால் அதற்குத்தான் இந்த மருந்து என்றோம். சாகமாட்டா என்று சத்தியம் செய்யவில்லை. மருந்தின் ஒரு பகுதி 46 மணி நேரமாக இடுப்பில் கட்டின சின்னப் போத்தலிலிருந்து இறங்கும். கியூபெக் நேர்ஸ்மார் அதை "பிபெரோன்" என்கிறார்கள், பால்போத்தல். இதைக் கேட்டு மகள் சிரித்த சிரிப்பில் அம்மாவும் சிரித்தா. கட்டிப்பிடிக்கலாம், மடியில் இருக்கலாம். மருந்து முடிந்து 48 மணி நேரம் கழிவறையை மூடி போட்டு இரண்டு தடவை ஃபிளஷ் பண்ண வேண்டும், சத்தி பட்ட துணியைக் கையுறையோடு தொட வேண்டும். அவ்வளவுதான்.

கடைசியாக "பரவாயில்லை". விரல் விறைப்பு முதல் சுற்றில் நாலாம் நாள் போய்விட்டது. மூன்றாவது சுற்றில் ஒன்பது நாள் நின்றது. அடுத்த மருந்து வரைக்கும் போகாமல் நின்றால், அது குளிர்க்கூச்சம் என்ற கட்டத்தைத் தாண்டி நரம்பு பழுதாகிறதன் அடையாளம், சிலருக்கு வருஷக்கணக்கில் இருந்துவிடும். அம்மா இதை நேர்ஸிடம் சொல்ல விடவில்லை. "சொன்னால் மருந்தைக் குறைச்சுப் போடுவினம், பிறகு திருப்பி வந்தால்?" தாங்கிக்கொள்கிற பழக்கம் ஒன்று, போர்க்காலத்தில் மருந்து கிடைக்காமல் இருந்த ஊரிலிருந்து வந்த பயம் இன்னொன்று. கிடைக்கிற மருந்தில் ஒரு துளியையும் விட்டுக்கொடுக்க அவவால் முடியாது.

அந்தப் பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. 2018இல் வெளிவந்த "ஐடியா" ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பின் கீமோ எடுத்த மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயாளர்கள் 12,834 பேரைப் பார்த்தார்கள். ஒக்சாலிபிளாட்டின் கூட்டு ஆறு மாதம் வேண்டுமா, மூன்று மாதம் காணுமா என்பதே கேள்வி. அபாயம் குறைந்தவர்களில், கூட்டைப் பொறுத்து, மூன்று மாதம் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது, நரம்புப் பாதிப்போ மிகவும் குறைவு. எல்லாருக்கும் இது பொருந்தாது, முடிவு டொக்டருடையது. ஆனால் குறைத்தால் கைவிட்டார்கள் என்று அர்த்தமில்லை என்பதை அம்மாவுக்கு அவருடைய வாயாலேயே சொல்ல வைக்கலாம்.

சொல்ல வைத்தோம். விறைப்பை எண்ணாக்க ஒரு கொப்பியில் தினமும் ஒரு வரி: சட்டையின் ஐந்து தெறியையும் பூட்ட எத்தனை நிமிஷம்? ஐந்தாவது சுற்றுக்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் ஒக்சாலிபிளாட்டினைக் குறைத்தார், மற்றதைத் தொட்டுப் பார்க்கவில்லை. வீடு வரும்வரைக்கும் அம்மா கதைக்கவில்லை. இப்போது கொப்பியை அவவே எழுதுகிறா. நேற்றைய வரி: "மூண்டு நிமிசம். கடைசித் தெறி பேத்தி பூட்டினவ."