வரி கொடுத்தவர் கேட்கும் புத்தகம்

மூன்று வயதுக் குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. வந்த இரண்டொரு சொல்லும் நின்றுவிட்டது. வைத்தியர் பரிசோதித்து, ‘ஆட்டிசம்’ என்று ஒரு சொல்லைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். தாயும் தகப்பனும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு தெருவில் வந்து நிற்கிறார்கள். இனி யாரைக் கேட்பது? என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நமது நாட்டில் முதலில் பதில் சொல்லுகிறவன் விளம்பரக்காரன். ‘பூரண குணம்’ என்று அவன் பலகை மாட்டியிருக்கிறான். தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. குழந்தை இருந்தபடியே இருக்கிறது.

ஆட்டிசம் தொற்று வியாதியன்று. மருந்து கொடுத்து விரட்டக்கூடிய நோயுமன்று. மூளை வளரும் விதத்திலேயே இளமை முதல் அமைந்த வேற்றுமை அது. தக்க பயிற்சியும் பொறுமையும் அனுசரணையும் கிடைத்தால் அத்தகைய குழந்தைகள் எவ்வளவோ முன்னேறுகிறார்கள். ஆனால் ‘குணப்படுத்துகிறேன்’ என்பவன் பொய் சொல்லுகிறான். ரத்த சம்பந்தமான சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு, ஆராய்ச்சிக்குப் புறம்பாக, ஸ்டெம் செல் சிகிச்சை செய்யலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் வருஷத்திலேயே விதி வகுத்தது. இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் படித்திருந்தால் எத்தனை குடும்பங்கள் கடனிலிருந்து தப்பியிருக்கும்!

ஒரு புத்தகம் என்ன செய்யும் என்று கேட்போருக்கு இந்த விஷயத்தின் சரித்திரமே பதில் கூறும். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து ஆட்டிசம் தனி நிலையாக அறியப்பட்டது. அதன் பிறகு பல வருஷ காலம், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று படித்தவர்களே பேசி வந்தார்கள். பெற்றவளையே குற்றவாளியாக்கிய அந்தக் கொடுமையை ஆட்டங்காணச் செய்தது, 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் வெளியிட்ட புத்தகம். அவரே ஆட்டிசமுள்ள ஒரு பிள்ளையின் தகப்பனார். இதற்கு மறுபுறமும் உண்டு. அம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற எண்ணத்தைக் கிளப்பிய கட்டுரை ஒன்று 1998-ல் லண்டன் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. 2010-ல் அப்பத்திரிகையே அதைத் தள்ளுபடி செய்தது. எனினும் அந்தப் பொய் இன்னும் ஊர் சுற்றுகிறது. நல்ல புத்தகம் புகாத வீட்டில் வதந்தி குடியேறும்.

நமது சர்க்கார் காகிதங்களிலேயே இவர்களுக்குப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற பெயர் வழங்கி வந்திருக்கிறது. இதைவிட அநியாயமான பெயர் இருக்க முடியாது. ஓசையும் வெளிச்சமும் கூட்டமும் பிறரைவிட அதிகமாகத் தாக்குவதனாலன்றோ இவர்களில் பலர் காதைப் பொத்திக்கொள்ளுகிறார்கள்? புற உலகம் இவர்களைச் சிந்திக்கவில்லை என்பதே உண்மை. இவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் தங்கள் அனுபவத்தைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் 1986-லேயே சுயசரிதை வெளியிட்டார். தமிழிலும் யெஸ். பாலபாரதி ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்ற நூலும் ‘துலக்கம்’ என்ற நாவலும் எழுதியிருக்கிறார். நூல் இல்லையென்பதன்று நமது குறை; நூலும் அதற்குரிய வாசகரும் சந்திக்க இடமில்லை என்பதே குறை.

ஆகையால் நாம் கேட்பது இது. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஆட்டிசத்துக்கென்று தனி இரவல் பிரிவு ஒன்று திறக்க வேண்டும். பெற்றோருக்கு எளிய தமிழ் நூல்கள் அதில் இருக்க வேண்டும். உபாத்தியாயருக்கும் பயிற்சியாளருக்கும் விலை மிகுந்த தொழில் நூல்கள் வேண்டும். ஆட்டிசமுள்ளவர்கள் தாங்களே படிக்க, அவர்களைப் போன்றவர்கள் எழுதிய நூல்கள் வேண்டும். புத்தகம் மட்டும் போதாது. பேச்சு வராத பிள்ளை தன் எண்ணத்தைக் காட்டும் பட அட்டைகள், அன்றாட வேலைகளை வரிசையாகக் காட்டும் படப் பலகைகள், இரைச்சலைக் குறைக்கும் காதுக் கருவிகள், விளையாட்டுச் சாமான்கள் ஆகியவற்றையும் இரவல் தர வேண்டும். ஒரு சாமான் தன் பிள்ளைக்கு உதவுமா என்று தெரியாமல் ஏழைத் தகப்பன் எத்தனையைத்தான் விலைக்கு வாங்குவான்?

பணத்துக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கேட்கலாம். 1948-ல் இந்தியாவுக்கே முன்னோடியாகச் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் செய்தது. அது முதல் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது. ஆட்டிசமுள்ள பிள்ளையைப் பெற்றவனும் அந்த வரியைக் கொடுத்துத்தான் வருகிறான். அவன் யாசகம் கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறான். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமோ, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களைப் பிரதி செய்ய இடம் கொடுத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, வரி இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. மனம் ஒன்றுதான் பாக்கி.

இத்தனை செய்தால் வருவோர் எத்தனை பேர் என்பது இன்னொரு ஆட்சேபம். 2021-ல் உலகத்தில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசமுள்ளவர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் நமது மாநிலத்து ஜனத்தொகை ஏழு கோடிக்கு மேல். அந்த மதிப்பை இங்கே பொருத்தினால் ஐந்து லட்சத்துக்கு மேலாகிறது. ஆனால் அந்த ஜனக்கணக்கு இவர்களைத் தனியாக எண்ணவே இல்லை. எண்ணப்படாதவர்களைப் பார்த்து ‘நீங்கள் எத்தனை பேர்?’ என்று கேட்பது விந்தையே.

கைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்பாரும் உளர். கிடைக்கிறது, விளம்பரக்காரனும் அங்கேதான் இருக்கிறான். மெய்யையும் பொய்யையும் பிரித்துக் கொடுக்க ஒரு நூலகர் வேண்டும். பிள்ளைகள் சத்தம் போட்டால் நூல்நிலையத்தின் அமைதி கெடுமே என்பாருக்கும் பதில் உண்டு. வாரத்தில் ஒரு வேளையை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். வர இயலாதவர்களுக்குத் தபாலில் அனுப்புங்கள். 1931-லேயே மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நாடு இது. இந்திய நூலக விஞ்ஞானத்தின் தந்தையாகிய சீர்காழி ரங்கநாதன் அந்த வண்டியைத் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய நூலைச் சேர்ப்பது நூலகத்தின் கடமை என்று அதே வருஷத்தில் நூல் எழுதியவரும் அவரே. ‘ஒவ்வொரு’ என்ற சொல்லில் யாரையும் விலக்க இடமில்லை.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் சமத்துவம் பேசுவது சுலபம். உங்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு இந்த வாரமே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அதில் பெற்றோரும் உபாத்தியாயரும் கையெழுத்திடட்டும். ஆட்டிசமுள்ள வயது வந்தோரின் கையெழுத்து முதலில் இருக்கட்டும். எந்த நூலை வாங்குவது என்று தீர்மானிக்கும் குழுவிலும் அவர்களுக்கு ஸ்தானம் வேண்டும். ஒரு அலமாரியில் ஆரம்பித்தாலும் போதும். தெருவில் நிற்கும் அந்தத் தாயும் தகப்பனும் விளம்பரக்காரன் வாசலுக்குப் போகுமுன், நூல்நிலையத்தின் வாசல் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.