கழிவு மேட்டில் ஒரு காடு

இங்கிலாந்தின் சோமர்செட்டில், 1973-இல் மூடப்பட்ட ரித்லிங்டன் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுக் கற்களில் ஒரு பகுதியைப் புதைபடிவம் தேடுவோருக்காகவே காத்து வைத்திருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு. வேண்டாமென்று கொட்டிய அந்தக் களிப்பாறையைச் சுத்தியலால் பிளந்தால், 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய சதுப்புக்காடு ஏடு ஏடாகப் பிரிகிறது: பெரணியைப் போன்ற இலையோடு விதையும் தாங்கிய செடிகள், மரமளவு வளர்ந்த குதிரைவால் இனங்கள், பட்டையெங்கும் இலைத்தழும்பு பதிந்த லெப்பிடோடென்ட்ரான் மரங்கள்! ஆனால் இத்தகைய மேடுகளால் ஆபத்தும் உண்டு: 1966-இல் வேல்ஸின் அபெர்ஃபானில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 116 குழந்தைகள் மாண்டார்கள். ஆபத்தான மேடுகளை அகற்றத்தான் வேண்டும். ஆபத்தில்லாதவற்றையும் அழகுக்காக மண்மூடிப் புல் வளர்ப்பதுதான் எனக்கு வலிக்கிறது. சுரங்கம் மூடிய ஊரில் நிலத்தடியிலுள்ள அந்தப் பாறை அடுக்குகளை எட்ட வேறு வழி ஏது? ஒரு மூலையையாவது திறந்து வையுங்கள். மேலே கிடப்பது மழையில் உதிர்ந்து பொடியாகிவிடும். அதனால் அவ்வப்போது கிளறியும் விடுங்கள்.