நடை மட்டும் போதுமா, வணிக நண்பர்களே?

நமது இதழில் விலைவாசி, வரி, உரிமம், தராசு முத்திரை என்று எத்தனையோ எழுதுகிறோம். இவை அத்தனையையும் சமாளிக்க வேண்டிய உடம்பைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் எழுதுவதில்லை. நான் மருத்துவனும் அல்ல, பயில்வானும் அல்ல. பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு, நன்னிலத்தில் அரிசி, சர்க்கரை, பருப்பு மொத்த வியாபாரம் செய்துவருகிறவன். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எனக்கு நேர்ந்த ஓர் அனுபவமே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஐப்பசி அடைமழை. ஒருநாள் இரவு வடிகால் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. கிடங்கில் ஐம்பது அறுபது அரிசி மூட்டைகள் தரையோடு கிடந்தன. எல்லாம் 26 கிலோ மூட்டைகள். 2022 ஜூலையில் 25 கிலோ வரை உள்ள சிப்பங்களுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்ட ஆரம்பித்த கதை உங்களுக்கே தெரியும். கடைப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இருந்தது நானும், எங்களிடம் முப்பது வருடமாக மூட்டை தூக்கும் ஒரு பெரியவரும்தான். அவருக்கும் என் வயதுதான். மூட்டைகளை மேல் பலகைக்கு ஏற்ற ஆரம்பித்தோம். நான்காவது மூட்டையில் எனக்கு மூச்சு முட்டியது. கண் இருட்டி, முழங்கால் மடங்கி, தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "முதலாளி, நீங்க உக்காருங்க. கணக்கை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு மீதி மூட்டைகள் அத்தனையையும் அவரே ஏற்றி முடித்தார்.

அவர் அன்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அது என்னைச் சுட்டது. ஏனென்றால் பன்னிரண்டு வருடங்களாக விடியற்காலையில் தவறாமல் முக்கால் மணி நேரம் நடக்கிறவன் நான். சர்க்கரைக்கு மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். "நடக்கிறோமே, பிறகென்ன?" என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி நான்கு மூட்டைக்குத் தாங்கவில்லை.

பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தேன். நான் கடைக்கு வந்த நாளில் சர்க்கரை 100 கிலோ மூட்டை. இரண்டு பேர் தூக்கிவிட, ஒருவர் முதுகில் வாங்கிக்கொண்டு போவோம். சைக்கிளில் சரக்கு கட்டிப் பூந்தோட்டத்துக்கும் பேரளத்துக்கும் எதிர்காற்றில் மிதித்திருக்கிறேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்தேன். பிறகு தொலைபேசி வந்தது, குட்டியானை வண்டி வந்தது, இப்போது பணம்கூடக் கையால் எண்ண வேண்டியதில்லை. வியாபாரம் வளர்ந்தது. உடம்பின் முதல் மட்டும் கரைந்துகொண்டே வந்திருக்கிறது. அதற்கு நான் ஐந்தொகை போட்டுப் பார்க்கவே இல்லை.

இது என் ஒருவன் கதை அல்ல. லண்டன் நகரத்து மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களைப் பற்றி ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953-ல் வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிச் சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்திருந்தது. அந்த ஓட்டுநர் இருக்கையும் நம் கல்லாவும் ஒன்றுதான்.

அடுத்தது நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கிய 6,351 தொழிலாளர்களை 22 வருடங்கள் கவனித்து, பாஃபன்பார்கர் என்பவரின் குழுவினர் 1975-ல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான வேலை செய்தவர்களிடம் இதய நோயால் இறந்த விகிதம், இலகுவான வேலையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதிதான். விட்டு விட்டு வரும் கடும் உழைப்பே அந்தப் பாதுகாப்பைத் தந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள்.

காரணத்தை நம் தொழில் பாஷையில் சொல்கிறேன். சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் வருகிறது. அதை இறக்கி வைக்கும் பெரிய கிடங்கு நம் தசைதான். ஈரல் அதைவிடச் சிறிய கிடங்கு. வயது ஏற ஏற, வேலை கொடுக்காத தசை சுருங்குகிறது. கிடங்கு சுருங்கினால் வந்த சரக்கு தெருவில்தான் கிடக்கும். அந்தத் தெருதான் ரத்தக் குழாய். தசைக்குக் கடும் வேலை கொடுத்தால் அது உள்ளே இருக்கும் இருப்பைச் செலவழித்துவிட்டுப் புதுச் சரக்கை வேகமாக இழுத்துக்கொள்கிறது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் சொன்னது. சோற்றை நம்பி வாழும் காவிரிக் கரைக்காரர்களும், உட்கார்ந்தே சம்பாதிக்கும் வியாபாரிகளும் இதைக் கவனிக்காமல் இருக்கக்கூடாது.

நடைப்பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடம் தீவிர உழைப்பு வேண்டும் என்கிறது. அதாவது தீவிரமான ஒரு நிமிடத்துக்கு மிதமான இரண்டு நிமிடத்தின் மதிப்பு. இதற்கும் மேலே, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு நிலைதடுமாறாமல் இருக்கும் பயிற்சியும் உண்டு. நடை முதல் கணக்கில் மட்டும்தான் வரவு ஆகும். மற்ற இரண்டு கணக்கும் பற்றிலேயே நிற்கும்.

ஆகவே வேண்டியது, கொஞ்ச நேரமானாலும் மூச்சு வாங்கும்படியாக, கை, கால், முதுகு, வயிறு எல்லாவற்றுக்கும் வேலை தரும் பயிற்சி. கிராஸ்ஃபிட் என்ற பெயரில் 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஆரம்பித்த நிறுவனம் இந்த முறையைத்தான் உலகம் முழுவதும் பரப்பியது. ஜப்பானில் தபாதா என்ற ஆய்வாளர் 1996-ல் வெளியிட்ட சோதனையில், 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை செய்த இளைஞர்களுக்கு, ஆறு வாரத்தில் மூச்சுத் திறனும் குறுகிய நேரக் கடும் உழைப்புக்கான திறனும் சேர்ந்தே கூடின. ஒரு மணி நேரம் மிதமாகச் செய்தவர்களுக்கு மூச்சுத் திறன் மட்டும்தான் கூடியது. நமக்கு இது புதிதும் அல்ல. தண்டால், பஸ்கி, சிலம்பம், சடுகுடு எல்லாம் இந்த வகைதான். நம் கர்லாக்கட்டையைப் பார்த்து ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. நாம்தான் அதைப் பரணில் போட்டுவிட்டோம்.

"கடையிலேயே நாள் முழுதும் நிற்கிறோமே, அது போதாதா?" என்று சில்லறைக் கடை நண்பர்கள் கேட்பார்கள். நிற்பது களைப்பைத் தரும், வலுவைத் தராது. அப்படியானால் மூட்டை தூக்குவதே நல்லதா என்றால், அதுவும் இல்லை. போதிய ஓய்வும் சாப்பாடும் இல்லாமல் வருடக்கணக்கில் சுமந்தவர்களுக்கு முதுகும் முழங்காலும் தேய்ந்துபோவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பெரியவருக்கும் இடுப்பு வலி உண்டு. வயிற்றுக்காக ஓயாமல் சுமப்பது வேறு. அளவோடு செய்து, ஓய்வு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது வேறு.

"வயதாகிவிட்டதே" என்பார்கள் சிலர். நார்வே நாட்டில் 70 முதல் 77 வயதானவர்களை வைத்து ஐந்து வருடம் நடத்திய ஆய்வில், ஒரு பிரிவினர் தீவிரப் பயிற்சியே செய்தார்கள். ஆயுள் நிச்சயம் கூடும் என்று அந்த ஆய்வு சொல்லிவிடவில்லை. ஆனால் அந்த வயதிலும் செய்ய முடியும் என்பது தெரிந்தது. எனக்கு அது போதும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் மருத்துவரிடம் போய், இதயத்துக்கு டிரெட்மில் சோதனை செய்து, கண்ணையும் காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கடை திறக்குமுன் கிடங்கிலேயே இருபது நிமிடம். ஐந்து நிமிடம் கைவீசி நடந்து உடம்பைச் சூடாக்குவேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், இரண்டு கையிலும் ஐந்து கிலோ பொட்டலத்தோடு கிடங்கின் நீளத்துக்கு வேகநடை, மாடிப்படி ஏறி இறங்குவது, பத்துக் கிலோ பையைத் தரையிலிருந்து தூக்கி மேஜையில் வைப்பது. ஒவ்வொன்றும் அரை நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. இப்படி இரண்டு சுற்று. முதல் மாதம் ஒரு சுற்றுதான், அதுவும் மெதுவாக. வாரத்தில் மூன்று நாள் இது, மற்ற நாட்களில் பழைய நடை. பயிற்சி போதுமான அளவு தீவிரமா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நாலு சரக்குக்கு விலை சொல்வதற்குள் நடுவில் மூச்சு வாங்கினால் சரியான அளவு. விலையே சொல்ல முடியாவிட்டால் அதிகம்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மார்பில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பக்கத்தில் ஏதாவது இனிப்பு இருக்கட்டும். எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் நாளே வீறாப்பாக வரம்பு மீறிச் செய்தால் தசைநார் சிதைந்து சிறுநீரகத்தையே கெடுக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்குச் சர்க்கரை போய்விட்டதா? இல்லை, மாத்திரை இன்னும் உண்டு. ஆனால் போன வருட மழையில் மறுபடியும் மூட்டைகளை மேலே ஏற்ற வேண்டி வந்தது. நிறுத்தி நிதானித்துப் பதினெட்டு மூட்டை தூக்கிவைத்தேன். பெரியவர் சிரித்துக்கொண்டே, "முதலாளி, இன்னும் ரெண்டு கிடக்கு" என்றார். அதையும் தூக்கினேன்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஊர் சங்கக் கட்டிடம் இருக்கிறது, காலை வேளையில் பூட்டியே கிடக்கிறது. கடை திறக்குமுன் அரை மணி நேரம் அதைத் திறந்துவைத்து, பயிற்சி தெரிந்த ஒருவரை அமர்த்தி, முதலாளி, கணக்குப்பிள்ளை, கடைப் பையன் என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து செய்ய ஏற்பாடு செய்யலாம். நாலு தண்டால் கட்டை, இரண்டு ஜோடி கர்லாக்கட்டை, பத்து நாற்காலி போதும். ஆரம்பத்திலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் முகாம் வைத்தால் இன்னும் நல்லது. சரக்குக்கும் கடைக்கும் இன்ஷூரன்ஸ் கட்டத் தயங்காத நாம், உடம்புக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கட்டத் தயங்கலாமா? அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.