செயற்கைப் புல்லைக் கவிழ்த்துப் பாருங்கள்!

சாயங்காலம் ஏழு மணி ஆனால் போதும், சென்னையிலும் கோவையிலும் டர்ஃப் கிரவுண்டுகளில் விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். பத்துப் பதினாலு பேர் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு வாடகை எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு ஆடுவார்கள். வீட்டுக்குப் போய் ஷூவைக் கழற்றினால் கறுப்புத் துகள்கள் கொட்டும். உதறிவிட்டு மறந்துவிடுவார்கள்.

மேலே தெரியும் பச்சையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பந்து எப்படி எழும்புகிறது, விழுந்தால் முட்டி சிராய்க்குமா, புல் எத்தனை மில்லிமீட்டர்... அந்தப் பச்சையைத் திருப்பிப் போட்டால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தத் தரை பழசானபின் மறுபடி ஒரு பொருளாகுமா, வெறும் குப்பையாகுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த அடிப்பக்கம்தான்.

ஒரு போர்வையில் ஆரம்பித்த கதை

செயற்கைப் புல் என்பது அடிப்படையில் ஒரு கார்ப்பெட். அதன் பூர்வீகம் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டால்ட்டன் நகரம். 1895-ல் அங்கே கேதரின் எவான்ஸ் என்ற பதின்வயதுப் பெண் (கல்யாணத்துக்குப் பிறகு கேதரின் எவான்ஸ் ஒயிட்னர்) பருத்தித் துணியில் தடிமனான நூலைக் கோர்த்து, நுனிகளை வெட்டிக் குஞ்சம் குஞ்சமாக நிற்கும் ஒரு படுக்கை விரிப்பைச் செய்தார். நூல் உருவிக்கொண்டு வராமல் இருக்க என்ன செய்தார் தெரியுமா? வெந்நீரில் அலசினார். துணி சுருங்கியது, நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பசையே தேவைப்படவில்லை.

அந்தக் கைவேலைதான் பிறகு இயந்திரத்துக்கு மாறியது. பெரிய தையல் மெஷினைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு ஊசிக்குப் பதில் நூற்றுக்கணக்கான ஊசிகள் வரிசையாக ஒரே நேரத்தில் துணிக்குள் இறங்கி நூலைக் குத்தி ஏற்றும். இதற்கு டஃப்டிங் என்று பெயர். படுக்கை விரிப்பு செய்த ஊர் உலகத்தின் கார்ப்பெட் தலைநகரம் ஆனது.

ஆனால் கார்ப்பெட்டின்மேல் மனிதர்கள் நடப்பார்கள், நாற்காலியை இழுப்பார்கள். துணியின் பிடி மட்டும் போதாது. அங்கேதான் பசை உள்ளே வந்தது.

அடிப்பக்கத்தில் என்னதான் இருக்கிறது?

இதை ஆங்கிலத்தில் பேக்கிங் என்பார்கள். பொட்டலம் கட்டும் பேக்கிங் இல்லை, முதுகுப்பக்கம் என்ற அர்த்தத்தில் :-)

1. அடித்துணி. நூல் குத்தப்படும் துணி இதுதான். முன்பு கார்ப்பெட்டுகளுக்குச் சணல்துணி போட்டார்கள், இந்தியச் சணல் மில்களிலிருந்தே அமெரிக்காவுக்கு ஏராளமாகப் போனது. பிறகு பாலிப்ரோப்பிலீன் வந்து அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. இன்று புல்தரையிலும் அதே பாலிப்ரோப்பிலீன் நெசவுதான். அரிசி மூட்டைக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் வரும் பிளாஸ்டிக் சாக்கு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே ஜாதி.

2. பசை. பெரும்பாலும் ஸ்டைரீன் பியூட்டடையீன் என்ற செயற்கை ரப்பரின் லேடக்ஸ். விலை குறைய அதில் சுண்ணாம்புக்கல் தூளைத் தாராளமாகக் கலப்பார்கள். துணியின் பின்னால் தடவி, நீளமான சூட்டடுப்புக்குள் விட்டு உலர்த்துவார்கள். சில கம்பெனிகள் லேடக்ஸுக்குப் பதில் பாலியூரித்தேன் தடவும்.

3. வீட்டுக் கார்ப்பெட் என்றால் இதன்மேல் இன்னொரு துணி ஒட்டப்படும். புல்தரை என்றால் மழைத்தண்ணீர் இறங்க வரிசையாக ஓட்டை போடுவார்கள். பசை தண்ணீரை விடாது என்பதால்தான் இந்த ஓட்டைகள்.

மேலே நிற்கும் புல் இழையின் கதை தனி. 1960-களில் மான்சாண்டோ நிறுவனம் நைலானில் செய்தது. 1964-ல் ராட் ஐலண்டில் ஒரு பள்ளியில் போட்டார்கள். ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட ஸ்டேடியத்தில், பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒளி புகும் கூரைப் பலகைகளுக்குப் பெயிண்ட் அடிக்கப்போய், வெயிலில்லாமல் உண்மையான புல் செத்துப்போனது. 1966-ல் அங்கே இது விரிக்கப்பட, ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று கால்பந்துத் தரைகளில் இருப்பது மிருதுவான பாலிஎத்திலீன் இழை, நடுவில் மணலும் பழைய டயரை அரைத்த ரப்பர் துகளும்.

சுட்ட தோசை மாவாகுமா?

பிரச்சனை இங்கேதான். பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் வெண்ணெய் மாதிரி. சூடுபடுத்தினால் உருகும், ஆறினால் உறையும், மறுபடி உருக்கலாம். அடுப்பில் உலர்ந்த லேடக்ஸோ சுட்ட தோசை மாதிரி. அதை மறுபடி மாவாக்க முடியாது. பாலியூரித்தேனும் அப்படித்தான். உருகக்கூடிய இரண்டு பிளாஸ்டிக்குகளை, உருகவே உருகாத ஒரு பசையால் பிரிக்க முடியாதபடி ஒட்டிவைக்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முழு அளவு கால்பந்து மைதானம் 105க்கு 68 மீட்டர், அதாவது 7,140 சதுர மீட்டர். துகளையும் மணலையும் விட்டுவிட்டு, சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ என்று வைத்தால் கிட்டத்தட்ட 18 டன். அதில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ பசை என்றாலும் 7 டன். இதன் ஆயுள் சுமார் பத்து வருடம். அதற்குப் பிறகு?

அமெரிக்கா இந்தப் பாடத்தைக் கார்ப்பெட்டில் படித்தது. ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் பழைய கார்ப்பெட்டிலிருந்து நைலானின் மூலப்பொருளைத் திரும்ப எடுக்க 1999-ல் ஒரு பெரிய ஆலை திறந்தார்கள். 2001-லேயே மூடினார்கள். இத்தகைய ஆலைக்குப் பழைய கார்ப்பெட்டைச் சேகரிக்கும் செலவு, பசையையும் சுண்ணாம்பையும் பிரிக்கும் செலவு எல்லாம் உண்டு. ஆனால் அது விற்கும் விலையை முடிவு செய்வது பெட்ரோலியத்திலிருந்து வரும் புதுச் சரக்கின் விலை. கலிஃபோர்னியா வேறு வழிக்குப் போனது. 2010-ல் சட்டம் போட்டு, 2011 முதல் விற்கும் ஒவ்வொரு கார்ப்பெட்டின் விலையிலும் மறுசுழற்சிக்கென்று ஒரு சிறு தொகையைச் சேர்த்தது. பின்னால் வரும் செலவை முன்னாலேயே பில்லில் காட்டுவது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதைவிட எளிமையாக 'எக்ஸ்டர்னாலிட்டி' என்ற வார்த்தையை விளக்க முடியாது.

மாற்று இல்லையா?

இருக்கிறது. அடிப்பக்கத்தில் தெரியும் இழை முடிச்சுகளைச் சூடான பரப்பில், இஸ்திரி போடுவது மாதிரி, உருக்கித் துணியோடு ஒட்டவைக்கும் முறை உண்டு. லேடக்ஸுக்குப் பதில் உருகக்கூடிய பாலிஎத்திலீன் குடும்பத்துப் பூச்சு கொடுக்கும் முறை உண்டு. குத்துவதை விட்டுவிட்டு, ஜமக்காளம் நெய்வதுபோல இழையையும் அடித்துணியையும் சேர்த்தே நெய்துவிடும் முறையும் உண்டு. எல்லாவற்றிலும் யோசனை ஒன்றுதான்: மேலிருந்து கீழ்வரை ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக்.

பிறகு ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? லேடக்ஸ் மலிவு, இயந்திரங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன, புதுசுக்கு முதலீடு வேண்டும். இது நியாயமான காரணம்தான். தண்ணீர்ப் பஞ்சம் வரும் ஊரில் உண்மையான புல்லை வளர்ப்பதும் எளிதல்ல. ஆகவே செயற்கைப் புல்லே வேண்டாம் என்பது வாதமல்ல. விலையை முழுசாகச் சொல்லுங்கள் என்பதுதான் வாதம்.

இன்று கவனமெல்லாம் மேற்பக்கத்தில்தான். பாரிஸ் ஒலிம்பிக்குக்காக உருவான ஹாக்கித் தரை ரகம் 2023-ல் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் விரிக்கப்பட்டபோது, இழைக்கான பிளாஸ்டிக் கரும்பிலிருந்து வருகிறது என்பது செய்தியானது. நல்ல விஷயம்தான். ஆனால் கரும்பிலிருந்து வந்தாலும் பாலிஎத்திலீன் பாலிஎத்திலீன்தான், மண்ணில் மக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதியும் துகள்களைப் பற்றியது. 2031 அக்டோபருக்குப் பிறகு ரப்பர், பிளாஸ்டிக் துகள்களை அங்கே விற்க முடியாது. அடிப்பக்கத்துப் பசையை அது தொடவில்லை. இந்தியாவில் உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் பிளாஸ்டிக் பொட்டலங்களுக்கு வந்துவிட்டன. ஆனால் புல்தரை பொட்டலம் இல்லையே!

மாநகராட்சியோ கல்லூரியோ டர்ஃப் போட டெண்டர் விடும்போது, குறைந்த விலை சொன்னவருக்கு வேலை என்பதே வழக்கம். அதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும். அடிப்பக்கம் எதனால் ஆனது? ஆயுள் முடிந்ததும் சுருட்டி எடுத்துப் போவது யார், யார் செலவில்? இரண்டாவது கேள்விக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், முதல் கேள்விக்கான பதில் தானாக மாறும். தானே திரும்பி வாங்க வேண்டிய பொருளை எந்த வியாபாரியும் பிரிக்க முடியாதபடி ஒட்டமாட்டான்.

கேட்காவிட்டால் அந்தச் செலவு காணாமல் போய்விடாது. பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் கணக்கில் ஏறும். அவர்களில் பலர் அந்த மைதானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆடியிருக்கமாட்டார்கள்.

அடுத்த முறை ஆடப் போகும்போது ஓரத்தில் தரை கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தால் புரட்டிப் பாருங்கள். கறுப்பாக, ரப்பர் மாதிரி, ஓட்டை ஓட்டையாக ஒரு முதுகு தெரியும். பங்கு போட்ட வாடகையில் சேராத பாக்கி அதுதான்.