முற்றத்தில் ஒரு பந்தயப் படகு: உண்மைச் செலவு எவ்வளவு?

உலகின் வேகமான பந்தயப் படகுகள் சில இன்று எமது மொழியின் பெயரைச் சுமந்து ஓடுகின்றன. ‘கட்டுமரம்’ என்ற சொல்லே மேல்நாட்டார் வாயில் ‘கற்றமரான்’ ஆயிற்று. எமது கட்டுமரம் மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. அவர்களுடையதோ ஒடுங்கிய இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்தது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கிண்ணப் போட்டியில் 72 அடி நீளமான இத்தகைய படகுகள் போட்டியிட்டன.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழுந்து வந்த விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கடற்கரையை அண்டி வளர்ந்தவர்கள். விழாக்கால ஓட்டப் போட்டிகளைப் பார்த்து, “நாமும் வீட்டில் ஒன்று கட்டினால் என்ன?” என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை. கேள்வி நியாயமானதே. பிரித்தானியரான ஜேம்ஸ் வாறம் 1950களில் தாமே கட்டிய இரட்டை உடற் படகில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தார். பின்னர் வீட்டில் கட்டுவோருக்கென வரைபடங்களும் விற்றார். எமது வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. எனவே கைத்திறன் இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. செலவை யார் தாங்குவது என்பதையே நாம் கேட்கின்றோம்.

பெரும்பாலானோர் பிளைவூட், றெசின், பைபர் துணி ஆகியவற்றின் விலையை இரும்புக்கடையில் விசாரித்து, அதுவே படகின் விலை என்று எண்ணிவிடுகின்றனர். பாய்மரம், பாய், கயிறு, கப்பி, சுக்கான், துருப்பிடிக்காத ஆணி, வர்ணம் என்று பட்டியல் நீளும். பந்தயப் படகென்றால் பாரம் குறைவாக இருக்க வேண்டும். மலிவான பலகையைப் போட்டால் படகு கனத்துப் பின்தங்கும். பாயும் வெயிலிலும் காற்றிலும் இழுபட்டு உருக்கெடும். அப்போது புதுப் பாய் வாங்கவேண்டும்.

இப்பொருட்களிற் பல வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. அன்று பாதியில் நின்ற எந்த வேலையும் முதற் கணக்கின்படி முடிந்திருக்கமுடியாது. வீட்டுப் படகோ மாதக்கணக்கில் இழுபடும் வேலை.

அடுத்தது உழைப்பு. இதை விவசாயிகளாகிய எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெங்காயச் செய்கையில் விதைவெங்காயத்துக்கும் பசளைக்கும் இறைப்புக்கும் கணக்கு எழுதுவோம். விடியலில் தண்ணீர் கட்டிய மகனுக்கும் களை பிடுங்கிய மனைவிக்கும் கூலி எழுதமாட்டோம். அதனாற்றான் நட்டத்தை இலாபமென்று நம்பிய ஆண்டுகள் பல. படகிலும் அப்படியே. இருவர் நாளுக்கு 4 மணித்தியாலம் வீதம் 180 நாட்கள் வேலை செய்தால் 1,440 மணித்தியாலம் ஆகும். எட்டு மணித்தியாலக் கூலிவேலையாகப் பார்த்தால் 180 நாட்கள். இந்த 180 நாட் கூலியையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். பலகையின் விலை சிறிதாகத் தோன்றும்.

மூன்றாவது இடம். சொந்த வளவில் இருப்பவனுக்கு ஒரு கொட்டகை பெரிதல்ல. இரவற் காணியில் அல்லது நலன்புரி நிலையத்தில் இருப்பவனுக்கு அது கத்தரியும் மிளகாயும் நிற்கவேண்டிய பாத்தி. றெசினின் ஆவியும் பைபர் தூளும் மூச்சுக்கும் கண்ணுக்கும் கேடானவை. பிள்ளைகள் படுத்துறங்கும் ஓர் அறைக் குடிசைக்குப் பக்கத்தில் அந்த வேலை கூடவே கூடாது.

கன்னியாகுமரி மாவட்டத்து அனுபவம் ஒன்றும் உண்டு. கட்டுமரத்துக்கான பெருமரங்கள் அரிதாகி விலையேறியதால், 1980களின் தொடக்கத்தில் முட்டத்தில் பிளைவூட் படகு கட்டும் முயற்சி நடந்தது. அதில் முன்னின்ற பெல்ஜியரான பியேர் ஜில்லே, 1985இல் வெளிவந்த தமது நூலுக்குச் ‘சிறியது கடினம்’ என்று பொருள்படப் பெயரிட்டார். பட்டறையும் பயிற்சியும் இருந்த இடத்திலேயே சிறு படகு கடினம் என்றால், தனிக் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்?

ஆகவே படகே வேண்டாம் என்பது எமது கருத்தல்ல. இழந்தவர்களுக்கு வயிற்றுப்பாடு மட்டும் போதாது, விளையாட்டும் பெருமையும் வேண்டும். ஆனால் மீள்குடியேற்றப் பணத்திலோ, விதைக்கு வைத்த காசிலோ, அடகு வைத்த தாலிக்கொடியிலோ அது கட்டப்படக்கூடாது. வலிகாமம் வடக்கில் இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் உண்டு. விடுவிக்கப்பட்ட காணியிலும் பற்றையை வெட்டி, தூர்ந்த கிணற்றை இறைத்து, வேலி அடைக்கப் பணம் வேண்டும். அந்த நாளுக்கென வைத்த பணத்தைப் பந்தயப் படகு விழுங்கிவிடக்கூடாது. பாரம் குறைந்த அப்படகு வலையும் மீனும் ஏற்றவும் உதவாது.

ஊருக்கு ஒன்று போதும். சனசமூக நிலையமும் கடற்றொழிலாளர் சங்கமும் சேர்ந்து, அனுபவமுள்ள மேத்திரியார் ஒருவரின் மேற்பார்வையில் கட்டட்டும். பொருட்செலவு ஒரு பக்கம், ஒவ்வொருவரின் வேலைநாள் மறுபக்கம் என்று ஒரு கொப்பியில் முதல் நாளிலிருந்தே எழுதட்டும். வேலை முடிந்ததும் அக்கொப்பியை ஊர்க்கூட்டத்தில் உரத்து வாசிக்கட்டும். அடுத்த படகை நினைக்கும் இளைஞனுக்கு எமது புத்திமதியைவிட அக்கணக்கே கூடுதலாகப் பயன்படும்.