படிப்பை மாற்றுவது குற்றமா?

சென்ற வாரம் ஒரு விசைத்தறித் தொழிலாளி நம்மைத் தேடி வந்தார். மகன் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவன். நல்ல மதிப்பெண் வாங்கி, கலந்தாய்வில் பொறியியல் இடம் பெற்றவன். முதல் பருவத் தேர்வில் மூன்று பாடங்கள் அரியர். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். “வேறு படிப்புக்கு மாற்றிவிடலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லலாமா?” என்று கேட்டார் அந்தத் தகப்பனார்.

பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சொல்வது சுலபம், கடிபடும் பல் அவர்களுடையதல்ல.

பையன் மக்கு என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் கணக்குப் போட்டவனை ஒரே நாளில் ஆங்கில விரிவுரைக்கு முன்னால் உட்கார வைத்தால், கணக்கு புரிவதற்கு முன்பே மணி அடித்துவிடுகிறது. 2010ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டு பிரிவுகளிலும் தமிழ்வழி வகுப்பைத் தொடங்கியது. மற்றப் பிரிவுகளுக்குப் போனவனின் கதி என்ன? 2021ல் தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு வந்தது. அவர்களுடைய கட்டணத்தையும் அரசே ஏற்றது. நல்ல காரியம், வரவேற்றோம். ஆனால் வாசலைத் திறந்துவிட்டவர்கள் உள்ளே படி கட்டினார்களா என்றும் கேட்கத்தான் வேண்டும்.

தகப்பனாருக்கு நாம் சொன்னது இதுதான். தேர்வு முடிவு வந்த வாரத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். பையனிடம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். எது கசக்கிறது என்று கேளுங்கள். பாடமா, பாஷையா, விடுதியா, ஏளனம் செய்யும் சக மாணவனா? பாஷைதான் தடை என்றால், கல்லூரியை மாற்றினால் அதுவும் கூடவே வரும். அதற்கு வேண்டியது ஓராண்டு உதவி, பொறுமையான ஓர் ஆசிரியர், இரண்டு நல்ல தோழர்கள். பாடமே பிடிக்கவில்லை, அண்ணனும் மாமனும் சொன்னதற்காகச் சேர்ந்தான் என்றால், மாறட்டும். அதில் அவமானம் ஏதுமில்லை. பாலிடெக்னிக் முடித்தவரையும் பி.எஸ்ஸி. முடித்தவரையும் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறது. இன்று விட்டுப் போகிறவன் நாளை விரும்பினால் திரும்பி வரலாம். ஆனால் தூக்கமும் சாப்பாடும் போய்விட்ட பையனை முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தகப்பனார் தயங்கினார். “விலகினால் சர்டிபிகேட் தர மாட்டோம், மீதி மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டு என்கிறார்கள்” என்றார். இங்கேதான் நமக்கு ரத்தம் கொதிக்கிறது! ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் மாணவனிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், நடக்கும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருக்கிறது. பண்ணையார் கடன் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பண்ணையாளைக் கட்டிப்போட்டதற்கும், கல்லூரி முதலாளி சான்றிதழைப் பூட்டி வைப்பதற்கும் என்ன வித்தியாசம்?

அந்த அறிவிப்பிலும் ஓர் ஓட்டை உண்டு. சேர்க்கையின் கடைசித் தேதி கழிந்து 30 நாட்களுக்கு மேல் ஆகிவிட்டால் கட்டிய பணத்தில் ஒரு காசும் திரும்பாது. படிப்பு ஒத்துவராது என்று முதல் மாதத்திலேயே எவனுக்குத் தெரியும்? முதல் தேர்வு எழுதிய பிறகல்லவா தெரிகிறது! வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்தப் பணத்தை விட்டுவிட்டு மறு வருஷம் வேறிடம் சேருகிறான். தறிக்காரர் மகன், கடன் வாங்கிக் கட்டிய பணத்துக்காகவே அங்கேயே கிடந்து வேகிறான்.

மாணவர் தற்கொலைகளைத் தடுக்க வழி சொல்லும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டிய நிலைமை இது. முதல் பருவத் தேர்வு முடிவு வந்து ஒரு மாதம் வரை மாணவன் நஷ்டமின்றி விலகவோ மாறவோ உரிமை வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிமீது வழக்குத் தொடர வேண்டும். தமிழ்வழியில் வந்தவர்களுக்கு முதல் ஆண்டு முழுவதும் சம்பளம் பெறும் ஆசிரியர்களைக் கொண்டு தனி வகுப்பு நடத்த வேண்டும். இவற்றை மாநில அரசிடம் கேட்கிறோம்.

மானியக் குழு அறிவிப்பின் நகல் ஒன்றைத் தகப்பனாரிடம் கொடுத்தனுப்பினோம். திங்கட்கிழமை அவர் கல்லூரிக்குப் போகிறார். நம் தோழர்கள் இருவர் உடன் போகிறார்கள்.